ஸ்டெப்னிக் காற்றில் ஒரு விடியல்

லாரி ஸ்டெப்னியை மேட்டில் உருட்டிக்கொண்டு போகும்போது சிரிக்கக் கூடாது. சிரித்தால் கை தளர்ந்துவிடும். வண்டிப்பெரியாரிலிருந்து எங்கள் எஸ்டேட்டுக்கு ஏறும் மண்சாலையில், ஒரு கார்த்திகை மாதத்து மத்தியானம் இதைக் கற்றுக்கொண்டேன்.

சக்கரத்துக்கு ஒரு பக்கம் நான். மறுபக்கம் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த தங்கராசு அண்ணன். சக்கரத்துக்குள் அப்போதுதான் டயர் கடையில் திணித்து ஏற்றிய காற்று. மேலே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்களில் பேச்சியம்மாவின் குரல் எப்போதும் முதலில் வரும். அன்றும் வந்தது.

“ஏ டீச்சர்! சக்கரம் வந்துட்டு, லாரி எப்ப வரும்?”

“லாரிக்குக் கால் வலியாம். பின்னால மெதுவா வருது” என்றார் அண்ணன்.

நான் சிரித்தேன். சக்கரம் போய்விட்டது.

கீழே வளைவில் கங்காணி ஒருவர் குடையோடு நின்றிருந்தார். எஸ்டேட் மேனேஜர் துரையின் ஜீப் போகிற வேகத்தில் சக்கரம் அவரைக் கடந்தது. பழக்கதோஷம், அவர் ஒதுங்கி நின்று குடையை மடக்கினார். அதற்குப் பிறகுதான் திரும்பிப் பார்த்தார். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

சக்கரம் ஒரு சில்வர் ஓக் மரத்தில் முட்டிப் படுத்துக்கொண்டது. நான் ஓடிப்போய் வால்வில் காதை வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. காற்று உள்ளேயேதான் இருந்தது.

“காத்துக்கா இவ்வளவு ஓட்டம்?” என்று மேலிருந்து பேச்சி கேட்டாள். “இங்க மலை பூரா காத்துதான டீச்சர்? ஒரு சாக்குல பிடிச்சுக்கிட்டாப் போச்சு!”

ஒரு பேனா அளவுக் கருவிக்காகத்தான் அந்த லாரிச் சக்கரம் என்று சொல்லியிருந்தால் அவள் பறிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்திருப்பாள். உங்களிடம் சொல்கிறேன்.

பேனா மாதிரி ஒரு துப்பாக்கி

போன வாரம் நான் ரேடியோ செய்த கதையைப் படித்துவிட்டு, “இந்தப் பெண்ணுக்கு எந்த வேலையிலாவது ஒரு மாசம் மனசு நின்றதுண்டா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். உண்டு ஐயா. ஏர்பிரஷ்ஷில் நின்றது. நடுவில் கொஞ்ச காலம் பிரிந்திருந்தோம், அவ்வளவுதான்.

பாலக்காட்டில் கல்லூரியில் படித்தபோது என் வகுப்புத் தோழியின் அப்பா போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கல்யாணப் படங்களில் மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் தெரிகிற மின்சார ஒயரை மறைப்பதற்கு ஏர்பிரஷ் என்று ஒரு கருவி வைத்திருந்தார். பேனா போலத்தான் பிடிக்க வேண்டும். மேலே கட்டைவிரல் நகம் கொள்ளுமளவு ஒரு கிண்ணம், அதில் இரண்டு சொட்டுச் சாயம். பின்னால் காற்றுக் குழாய். ஆள்காட்டி விரலால் பொத்தானை அழுத்தினால் காற்று வரும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் காற்றோடு சாயம் வரும்.

முதல் தடவை அடித்தபோது காகிதத்தில் கோடு விழவில்லை. மூடுபனி விழுந்தது. எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது என்று சொல்ல முடியாத ஒரு சாம்பல் நிறம். எனக்கு ஓவியம் வராது. பூசணிக்காய் வரைந்தால் எலி என்பார்கள். ஆனால் இந்த மூட்டம் எனக்கு வந்தது. அன்றிலிருந்து வகுப்பு முடிந்ததும் ஸ்டுடியோதான். அவர் புதிதாக ஒன்று வாங்கியபோது, ஊசி முனை சற்று வளைந்த பழையதை என்னிடம் தந்துவிட்டார். ஊசியை நிமிர்த்த எனக்கு ஒரு சாயங்காலம் போதுமாயிருந்தது.

மயிலையின் கொம்பு

எங்கள் ஊர் எலப்புள்ளி. அப்பா நெல்லும் கடலையும் போடுகிறவர். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசுவது எங்கள் வீட்டில் பெரிய காரியம். அந்த வருஷம் நான் ஒரு புதுமை செய்ய நினைத்தேன். அடியில் சிவப்பு, நுனியில் மஞ்சள், நடுவில் ஒன்று இன்னொன்றாக மெல்ல மாற வேண்டும். பிரஷ்ஷால் முடியாது. ஏர்பிரஷ் இருக்கவே இருக்கிறது. காற்றுக்கு எங்கள் வீட்டுக் கால் பம்பு.

சந்தையில் கொம்பைக் காட்டிப் பெருமைப்படலாம் என்று அப்பாவும் சம்மதித்தார். நான் மறந்தது ஒன்றே ஒன்று. அந்தக் கருவி வேலை செய்யும்போது “ஸ்ஸ்” என்று ஒரு சத்தம் வரும்.

காதுக்குப் பக்கத்தில் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எங்கள் மயிலைக்காளை கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பியது. கடலைக்காடு, வாய்க்கால், பக்கத்து வீட்டு வேலி என்று ஒன்றும் பாக்கியில்லை. கடைசியில் கஞ்சிக்கோடு சாலையில் ஒரு பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்றது. ஒரு கொம்பு மட்டும் பாதிச் சிவப்பு.

“ஏங் கண்ணு, பாம்பாட்டமா சீறுது அது. மாடு என்னத்தக் கண்டுது?” என்றார் அப்பா, மூச்சு வாங்கியபடி.

“காத்துதானுங்கப்பா...”

“காத்தோ கருமாந்தரமோ. அக்கட்டால வெய்யி.”

வைத்தது பத்தாயத்துக்குள். நெல்லுக்கு அடியில். அப்புறம் நான் ரேடியோவுக்குப் போனேன், தையலுக்குப் போனேன், வாத்தியார் பயிற்சிக்கும் போனேன். வண்டிப்பெரியார்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் விடுப்பில் போன டீச்சருக்குப் பதிலாக வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று காலையில் அப்பா பத்தாயத்துக்குள் கையை விட்டுத் துழாவி, உமி ஒட்டியிருந்த அந்தக் கருவிப் பெட்டியை எடுத்துத் தந்தார்.

“மலையில காளை மாடு கம்மின்னாங்க. கொண்டுட்டுப் போ சாமி.”

மகாராஜா வீட்டில் பைப் இல்லையா?

தங்கராசு அண்ணன் ஃபாக்டரி வேலை முடிந்ததும் நாடகம் எழுதுவார். எஸ்டேட் கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் அவர் நாடகம்தான். ராஜா ராணிக் கதை அவருக்குப் பிடிக்காது. லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீடுகள், காலையில் வேலைக்கு அழைக்கிற மஸ்டர் சங்கு, கொழுந்துக் கூடை, இவைதான் அவர் கதை.

நான் போவதற்கு முந்தின வருஷம், கம்பம் ஊரிலிருந்து வாடகைக்குத் தூக்குத் திரை வந்தது. விரித்தால் அரண்மனை. இருபுறமும் தூண், நடுவில் சிம்மாசனம். வேறு திரை இல்லை. அதன் முன்னால்தான் பேச்சியம்மா இடுப்பில் குடத்தோடு, தண்ணீர் பிடிக்க வந்தவளாக நிற்க வேண்டியிருந்தது.

கூட்டத்திலிருந்து ஒருவன் கேட்டான்: “ஏ பேச்சி, மகாராஜா வீட்ல பைப் இல்லயா?”

அங்கே தொடங்கிய சிரிப்பு கடைசி வரை அடங்கவில்லை. கிழவி சாகிற காட்சியிலும் சிரித்தார்களாம். அண்ணன் மேக்கப்பைக்கூடக் கலைக்காமல் லயத்துக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

இதை அவரே என்னிடம் சொன்னார், பள்ளிக்கூட வாசலில் நின்றுகொண்டு. “இந்த வருசம் எழுதியிருக்கது நல்லா வந்திருக்கு டீச்சர். எனக்கே தெரியுது. ஆனா இந்த வருசமும் சிரிச்சாங்கன்னா, அம்புட்டுத்தான். பேனாவ அடுப்புல போட்டுட்டு ஸ்பேனரோட நிப்பாட்டிக்கிடுவேன்.”

“ஏனுங்கண்ணா, நாடகம் எந்த எடத்துல நடக்குதுங்க?”

“இங்கதான். விடிகாலம். லயத்துக்கு முன்னால.”

“திரையை நான் செய்யறேனுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க போர்டுல வரைஞ்ச பசுமாட்டப் பாத்து எம் மவ கட்டில்னு சொன்னாளே டீச்சர்?”

“கோடு எனக்கு வராதுங்க. மூட்டம் வரும். உங்க ஊர் விடியலில் மூட்டத்தைத் தவிர வேறென்ன இருக்குங்க?”

அவர் யோசித்தார். பிறகு, “அதுவும் சரிதான்” என்றார்.

எந்தப் பெயிண்ட்?

சொல்லிவிட்டேனே தவிர, ஸ்டுடியோ போட்டோ உள்ளங்கை அளவு; திரை ஒரு லயத்து வீட்டின் முன்சுவர் அளவு. கட்டைவிரல் நகமளவு கிண்ணத்தோடு அதை நிரப்பக் கிளம்பினால் அடுத்த திருவிழா வந்துவிடும். ஆகவே வானத்தின் பெரும்பரப்புக்குக் கையால் தள்ளுகிற கொசுமருந்து பம்பு, புதியது. மலை விளிம்புக்கும் வெளிச்சத்துக்கும் என் ஏர்பிரஷ். இந்தப் பங்கீடு உடனே முடிவாகிவிட்டது.

பெயிண்ட்தான் முடிவாகவில்லை. பள்ளிக்கூடத்துப் போஸ்டர் கலரில் பசை அதிகம். ஊசி வாயை அடைத்தது. காய்ந்த பிறகு துணியைச் சுருட்டினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. கதவுக்குப் பூசும் எனாமலை டர்பன்டைனில் கரைத்து அடித்தோம். நன்றாக விழுந்தது. ஆனால் அடுத்த வாரமும் விரல் வைத்தால் ஒட்டியது. சுருட்டி வைத்திருந்தால் வானமும் பூமியும் ஒன்றாகியிருக்கும்.

பிறகுதான் காருக்கு அடிக்கிற லாக்கர். தின்னரில் கரைத்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் காயும். ஃபாக்டரியில், கொழுந்தை உலர்த்தும் சூட்டுக்குப் பக்கத்தில் ஒரு துண்டுத் துணியில் அடித்துப் பார்த்தேன். பளபளவென்று வந்தது. “இதுதானுங்க!” என்று குதித்தேன். கொழுந்து நிறுக்கும் ஷெட்டில் திரையின் முதல் துணியைக் கட்டி, ஊதா நிறத்தில் அடிவானத்தை அடித்து முடித்தேன்.

வெளியே மழை விட்டு மூட்டம் இறங்கியது. ஷெட்டுக்குக் கதவு கிடையாது. மூட்டம் உள்ளே வந்து, எங்களைச் சுற்றிக்கொண்டு, திரைக்கு முன்னால் கொஞ்சம் நின்றுவிட்டுப் போனது. போன பிறகு பார்த்தால் என் ஊதா வானம் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. மூன்று நாள் ரொட்டி மாதிரி.

“விடியறதுக்குள்ள பூசணம் பிடிச்சிட்டே டீச்சர்” என்றாள் பேச்சி.

நான் எலப்புள்ளிக் காற்றில் பழகியவள். அங்கே கணவாய்க்குள் புகுந்து வருகிற காற்று, பெயிண்ட் சுவரைத் தொடுவதற்குள் அதைக் காய வைத்துவிடும். ஈரக்காற்றில் லாக்கர் இப்படி வெளுக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தூக்கம் வராமல் யோசித்தேன். துணி மேல் படிகிற பொருள் எதுவானாலும் இந்த ஊரில் ஈரம் அதற்கும் துணிக்கும் நடுவில் புகுந்துவிடுகிறது. அப்படியானால் துணி மேல் எதுவும் படியக் கூடாது. துணிக்குள்ளேயே போய்விட வேண்டும்.

அதாவது பெயிண்ட்டே வேண்டாம். சாயம் போதும். நெசவுக்காரர்கள் நூலுக்குப் போடுகிற சாயம்.

ஞாயிற்றுக்கிழமை குமுளி வழியாகக் கம்பத்துக்குப் போய், கடைத்தெருவில் சாயப்பொடி வாங்கி வந்தேன். நீலம், செம்மஞ்சள், பாக்குநிறம், கொஞ்சம் கறுப்பு. கொதிநீரில் உப்போடு கரைத்து, பழைய மெல்லிய சேலையில் இரண்டு தரம் வடிகட்டினால் ஊசி அடைக்கவில்லை. உதிரவுமில்லை, ஒட்டவுமில்லை. அரிசிக் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய காடாத் துணியில் அழகாகப் பிடித்தது.

மூச்சு விடும் சக்கரம்

இப்போது ஸ்டெப்னிக்கு வருவோம். கால் பம்பில் அடித்தால் காற்று விக்கி விக்கி வரும். வானத்தில் விக்கல் தெரியும். ஒரே சீராகக் காற்று வேண்டும். லாரிச் சக்கரத்துக்குள் காற்றை நெருக்கி அடைத்து, வால்வில் குழாயைப் பொருத்தி, கிளிப்பால் இறுக்கினால் சீராக வரும் என்று நான் சொன்னேன். பொருத்தும் வேலையை அண்ணன் செய்தார். எஸ்டேட் லாரி டிரைவர் ஸ்டெப்னியைத் தந்துவிட்டு, “வழியில பஞ்சர் ஆகக் கூடாதுன்னு எல்லாரும் சாமிய வேண்டிக்கிடுங்க” என்றார்.

ஒரு மலை முடிவதற்குள் சக்கரம் மூச்சை விட்டுவிடும். மறுபடி கீழே டயர் கடை, மறுபடி ஏற்றம். அந்த முதல் ஓட்டத்துக்குப் பிறகு சக்கரத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டோம்.

மலை விளிம்புக்குத் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கிற ஈயத்தாள் உதவியது. அதை மலைபோலக் கிழித்துத் துணி மேல் பிடித்து, கிழிந்த ஓரத்தை ஒட்டிச் சாயத்தை அடித்து, கீழே போகப் போக விரலைத் தளர்த்த வேண்டும். தாளை எடுத்தால் மேலே தெளிவாக ஒரு மலை. அதன் காலடி மூட்டத்தில் கரைந்திருக்கும். தாளைச் சற்று இறக்கி, இன்னும் கொஞ்சம் கறுப்புக் கலந்து, அடுத்த மலை. முதல் மலை விழுந்தபோது தாளைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். எத்தனையோ நாள் நெல்லுக்கடியில் கிடந்த பேனா!

அண்ணன் பின்னால் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். “பத்தாம் நம்பர் மலையில்லா இது” என்றார் மெதுவாக. எஸ்டேட்டில் மலைகளுக்கு நம்பர்தான் பேர்.

புகை மட்டும் போதும்

திருவிழாவுக்கு இரண்டே நாள். சாயம் காயவில்லை. அந்த ஈரத்தில் துணி காயாமல், ஒரு மலை அடுத்த மலைக்குள் ஊற ஆரம்பித்தது. பேச்சிதான் யோசனை சொன்னாள்: “வர்க்கி சேட்டன் ஸ்டோர்ல அடுப்பு எரியுதுல்லா?”

வர்க்கி சேட்டன் பக்கத்தில் சின்னதாக ஏலத்தோட்டம் வைத்திருந்தவர். பறித்த ஏலக்காயைச் சூட்டில் உலர்த்துகிற அறைக்குத்தான் ஸ்டோர் என்று பேர். விறகு எரிய, உள்ளே குழாய் வழியாகச் சூடு பரவும். நாங்கள் துணியைத் தோளில் சுமந்துகொண்டு போய் நின்றதும் அவர் இடுப்பில் கை வைத்தார்.

“எந்தா டீச்சரே இது? ஏலக்கா உணக்குற எடத்துல துணியோ?”

விஷயத்தைச் சொன்னோம். தாடையைச் சொறிந்து, ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். “செய்யாம். பக்ஷே ஒரு காரியம். படத்துல என்டெ ஸ்டோரும் வேணும்.”

“உங்க ஸ்டோர் அந்த மலையில இல்லியே சேட்டா!” என்றார் அண்ணன்.

“ஸ்டோர் வேண்டா. அந்த மூலையில கொஞ்சம் புகை மதி. புகையைக் கண்டா ஆளுக்காரு அறியும்.”

புகை போடுவது ஏர்பிரஷ்ஷுக்கு மிகவும் பிடித்த வேலை. காய்ந்து முடிந்ததும் இடதுபக்க மலைக்குப் பின்னாலிருந்து ஒரு இழை புகையை எழுப்பினேன். வர்க்கி சேட்டன் தலையைச் சாய்த்துப் பார்த்து, “வெறகு கொறச்சு ஈரமாணு” என்று குறை சொல்லிவிட்டு, மிகவும் சந்தோஷமாகப் போனார்.

திரையை மடித்துத் தூக்கியபோதுதான் கவனித்தோம். துணி முழுக்க ஏலக்காய் வாசம்.

திரை விரிந்தது

மறுநாள் வேலை இருப்பதால் எஸ்டேட்டில் நாடகம் இருட்டியதும் தொடங்கிவிடும். கொழுந்து ஷெட்டில் சாக்கு விரித்து ஆட்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். கம்பளி, பீடி, நனைந்த குடை, சுண்டல். பின்னாலிருந்து திரையை இறக்கும் கயிறு என் கையில். அண்ணன் என் பக்கத்தில், கதாநாயகனான பேச்சியின் புருஷன் வேஷத்தில், தலையில் துண்டோடு நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

திரை விரிந்தது. கீழே ஒரே ஒரு பல்பு. அதன் வெளிச்சத்தில் செம்மஞ்சள் வானம், ஒன்றன்பின் ஒன்றாக மலைகள், நடுவே மூட்டம்.

நான் கயிற்றை விடாமல் ஓரமாக எட்டிப் பார்த்தேன். பிறகு முன்வரிசையில் ஒரு பெரியவர், “ஏலே, பத்தாம் நம்பருலே அது” என்றார். “அந்தா, வர்க்கி சேட்டன் ஸ்டோர்ல புகையுது பாரு.” “ஏலக்கா வாசனகூட வருதே!” ஷெட் முழுக்க முணுமுணுப்பு. வழி இந்தப் பக்கம் போகுதா, அந்தப் பக்கம் போகுதா என்று இரண்டு பேருக்குள் தகராறு வேறு. யாரும் சிரிக்கவில்லை.

அண்ணன் மூச்சை விட்டார்.

பேச்சி குடத்தோடு வந்தாள். மேடையில் மஸ்டர் சங்கு ஊதியது. அவள் லயத்துக் கதவைப் பார்த்து நின்று, இடுப்பை மாற்றிக்கொண்டு சொன்னாள்: “சங்கு ஊதியாச்சு, சூரியன் வந்தாச்சு, நாயிகூட எந்திரிச்சு சோம்பல் முறிச்சாச்சு. எம் புருசனுக்கு மட்டும் இன்னொரு சூரியன் தனியா வரணுமாம்!”

ஷெட் வெடித்தது. கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள்.

அண்ணன் என் கையைப் பிடித்தார். “சிரிக்காங்க டீச்சர். சிரிச்சிட்டாங்க.”

“அண்ணா! அது அவங்க சிரிக்கறதுக்குன்னே நீங்க எழுதினதுங்க!”

அவர் என்னையே பார்த்தார். எழுதியது அவர்தான் என்பது அவருக்கு நிஜமாகவே மறந்து போயிருந்தது. அவர் மேடையில் நுழைய வேண்டிய நேரமும் கடந்துகொண்டிருந்தது. பேச்சி ஓரக்கண்ணால் எங்கள் பக்கம் பார்த்தாள். வசனத்தில் இல்லாததை, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னாள்:

“யோவ்! ஊரே வந்து ஒக்காந்திருக்கு. நீரு உள்ள என்னத்த பண்ணுதீரு? வாரும் வெளிய!”

மறுபடி சிரிப்பு. நான் அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினேன்.

போய் நின்றார். விடியல் அவருக்குப் பின்னால் இருந்தது. துண்டை இழுத்து முகத்தைத் துடைத்தார், ஒரு கொட்டாவி விட்டார். ஒத்திகையில் ஒருநாளும் சரியாக வராத கொட்டாவி அது. வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அடுத்த வசனம் அவருடையது. நான் உள்ளிருந்து உதட்டை அசைத்து எடுத்துக் கொடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எதிரே இருக்கிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு, அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று அவசரமே இல்லாமல் நின்றார்.